ஐந்து நாள் பகிடி

ஐந்து நாள் படப்பிடிப்பு. 48,000 பவுண் செலவு. எழுதிவைத்த வசனம் கிடையாது. கடைசியில் கைக்கு வந்தது 71 நிமிடப் படம். ஷேன் மெடோஸ் இயக்கி 2009 இல் வெளிவந்த 'லு டொங்க் அன்ட் ஸ்கோர்-ஸே-ஸீ' என்ற இங்கிலாந்துப் பகிடிப் படத்தின் கணக்கு இது. மட்டக்களப்புப் பக்கம் தன்னாமுனையிலும் ஏறாவூரிலும் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு குறும்படம் எடுத்துத் திரியும் பொடியன்மாரிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் கண் விரியும். 'அப்ப நாமளும் எடுக்கலாமே' என்பார்கள். எடுக்கட்டும். ஆனால் அது முழுக் கணக்குத்தானா, படம் அவ்வளவு சிலாகிக்கத் தக்கதா, திரையரங்கை விட்டு டிவிடியாக வீட்டுக்குள் வந்தது அதற்கு நல்லதா கெட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் அவர்களுக்கு மறுமொழி சொல்ல வேண்டும்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. லு டொங்க் என்பவன் பெரிய இசைக்குழுக்களுக்குச் சாமான் தூக்கி மேடை கட்டிக் கொடுக்கும் வேலைக்காரன். ஒரு காலத்தில் தானும் பாட்டுக்காரனாக வரப் பார்த்து வராமற்போனவன். வராமற்போனதை இன்னும் ஒப்புக்கொள்ளாதவன். அவனை விட்டுப் பிரிந்த காதலி அவனுடைய பிள்ளையைச் சுமந்துகொண்டிருக்கிறாள். அவளோடு இப்போது வேறொருவன் இருக்கிறான். இந்தக் கோலத்தில் லு டொங்க், நொட்டிங்ஹாம் நகரத்து ராப் பாடகன் ஸ்கோர்-ஸே-ஸீயைத் தன் கண்டுபிடிப்பு என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு மான்செஸ்டருக்குப் போகிறான். அங்கே ஓல்ட் டிரஃபோர்ட் கிரிக்கெட் மைதானத்தில், நம்மவர்களுக்கு டெஸ்ட் போட்டிகளால் பெயர் பழகிப்போன அதே மைதானத்தில், ஆர்க்டிக் மங்கீஸ் குழுவின் கச்சேரி. தன் ஆளை எப்படியாவது அந்த மேடையில் ஏற்றிவிட வேண்டும் என்பது திட்டம். ஆவணப்படக் குழுவொன்று இவர்கள் பின்னாலேயே அலைகிறது. அந்தக் குழுவின் தலைவராக மெடோஸே வந்து நிற்கிறார்.

போலி ஆவணப்படம் என்ற வகை அப்போது புதிதல்ல. 1984 இல் ரொப் ரைனர் எடுத்த அமெரிக்கப் படம் 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' இதே தடத்தில் போய், இல்லாத ஒரு இசைக்குழுவை இருப்பதாகக் காட்டிச் சிரிக்கவைத்தது. அதிலும் நடிகர்களே பேச்சை உண்டாக்கினார்கள். அந்தப் படத்தை அருகில் வைத்தால்தான் மெடோஸ் எங்கே வேறுபடுகிறார் என்று தெரியும். ரைனரின் குழு பொய், மேடையும் பொய். மெடோஸிடம் குழு நிசம், மேடை நிசம், கூட்டம் நிசம், ஸ்கோர்-ஸே-ஸீயும் நிசம். டீன் பலின்சுக் என்ற அந்தப் பாடகன் நொட்டிங்ஹாமின் 'அவுட் ட வில்' குழுவிலிருந்து வந்தவன். தன் மேடைப் பெயரிலேயே படத்திலும் வருகிறான். அந்தக் கச்சேரி வெளியில் பொய்யான ஆள் ஒருவன்தான்: லு டொங்க். நிசத்தின் நடுவே ஒரே ஒரு பொய்க்காரனை விட்டுவிட்டு என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் படத்தின் உத்தி. இது கெட்டிக்கார உத்தி. பொய்க்காரன் அசடு வழியும்போது சுற்றியிருப்பவர்கள் நடிக்கத் தேவையில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றாலே போதும்.

அந்தப் பொய்க்காரனாக வரும் பெடி கொன்சிடைன்தான் படத்தின் பலம் முழுவதும். 'எழுதாத படம்' என்ற விளம்பரத்தைக் கொஞ்சம் கிண்டிப் பார்க்க வேண்டிய இடமும் இதுதான். கொன்சிடைனும் மெடோஸும் பேர்ட்டன் நகரத்துக் கல்லூரியில் இளைஞர்களாகச் சந்தித்தவர்கள். ஒன்றாக இசைக்குழு வைத்துப் பார்த்தவர்கள். 1999 இல் 'எ ரூம் ஃபோர் ரோமியோ பிராஸ்' படத்தில் மெடோஸ் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தார்; 2004 இல் 'டெட் மேன்ஸ் ஷூஸ்' படத்தை இருவரும் சேர்ந்து எழுதினார்கள். லு டொங்க் என்ற ஆளும் 2009 இல் திடீரென்று முளைத்தவனல்ல. தங்களுக்குள் பகிடிக்காகச் செய்து பார்த்து, சின்னப் படங்களில் விளையாடிப் பார்த்து, பல ஆண்டுகளாக இருவர் வாயிலும் புழங்கிய பாத்திரம். பாட்டுக்காரனாக வராமற்போன ஒருவனைக் கொன்சிடைன் ஐந்து நாளில் தேடிப் பிடிக்கவில்லை. கமெரா ஓடியது ஐந்து நாள். அந்த மனிதனைச் சமைத்து எடுக்க ஏறத்தாழ அவர்களுடைய இளமைக் காலமே போயிருக்கிறது.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதைப் பார்ப்பவனுக்கு மகிடிக் கூத்து நினைவுக்கு வராமல் இராது. வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் பாட்டும் தாளமும் ஏட்டில் கட்டுப்பட்டவை. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் சொல்லிக்கொடுத்ததை மீறி ஒருவன் ஒரு தருவை மாற்றிப் பாடிவிட்டுப் போக முடியாது. மகிடி வேறு மாதிரி. மந்திரப் போட்டி என்ற சட்டகம் எல்லோருக்கும் தெரியும். யார் யார் வருவார்கள், கடைசியில் என்ன நடக்கும் என்பதும் தெரியும். நடுவிலுள்ள பேச்சு பெரும்பாலும் அந்த வெளியில், அந்தச் சனத்துக்கு முன்னால் பிறப்பது. ஊரில் அந்தக் கிழமை நடந்த சங்கதி அதற்குள் வந்து விழும். பேராசிரியர் சி. மௌனகுரு தம் 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' நூலில் மகிடிக்கும் உரிய இடம் கொடுத்திருக்கிறார். மகிடி ஆடியவர்களைக் கேட்டால், வாயில் வந்ததைப் பேசினோம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்த வாய் இருபது, முப்பது வருடம் அதே வேடத்தைப் போட்டுப் பழகிய வாய்.

மகிடியில் இன்னொன்றும் உண்டு. எதிரே சனம் இருக்கும். பகிடி எடுபடவில்லையென்றால் அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். ஆடுபவன் கிறுகி வேறு பக்கம் போவான். லு டொங்குக்கு எதிரே யார் இருந்தார்கள்? கமெராவின் பக்கத்தில் நின்ற மெடோஸ், அதாவது கிட்டத்தட்ட இருபது வருடச் சிநேகிதன். கொன்சிடைன் அவரைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறார் என்பது பல காட்சிகளில் அப்பட்டமாகத் தெரிகிறது. இதனால் படத்துக்கு வரவும் உண்டு, செலவும் உண்டு. வரவு என்னவென்றால், சிநேகிதன் முன்னால் மட்டுமே ஒரு மனிதன் இவ்வளவு தூரம் வெட்கமில்லாமல் அசடாக முடியும். செலவு, சிநேகிதனுக்குச் சிரிப்பு வந்ததெல்லாம் நமக்கும் வரும் என்று இருவரும் நினைத்துக்கொண்டது. வண்டிக்குள்ளும் மேடைக்குப் பின்னாலும் லு டொங்க் அளக்கும் அளப்புகளில் மூன்றில் ஒரு பங்கு, உள்வீட்டுப் பகிடி. கேட்டுக்கொண்டிருக்கிறோம், சிரிப்பு வருவதில்லை. ஒரு சபை முன்னால் இதே ஆளை இரண்டு மாதம் ஓடவிட்டிருந்தால் அந்த மூன்றிலொரு பங்கு தானாகக் கழன்று போயிருக்கும்.

இங்கிலாந்திலேயே இதற்கு எதிரான வழியைக் காட்டியவர் மைக் லீ. 1976 இல் பிபிசிக்காக அவர் எடுத்த 'நட்ஸ் இன் மே'யும் 1977 இல் மேடையிலும் பிறகு தொலைக்காட்சியிலும் வந்த 'அபிகெய்ல்ஸ் பார்ட்டி'யும் நடிகர்களோடு சேர்ந்து பேச்சை உண்டாக்கிய படைப்புகள்தாம். ஆனால் லீ அந்த விளையாட்டை ஒத்திகையிலேயே முடித்துவிடுவார். வாரக்கணக்காக, சில வேளை மாதக்கணக்காக நடிகர்களைப் பாத்திரமாகவே நடமாட விட்டு, அதில் தேறியதை இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் கமெராவைத் திறப்பார். ஆகவே லீயின் படத்தில் ஒரு சொல் கூடுதலாகக் கிடப்பதில்லை. மெடோஸ் படப்பிடிப்பையே ஒத்திகையாக்கிவிட்டு, தேறியதைப் பொறுக்கும் வேலையைப் படத்தொகுப்பு மேசைக்குத் தள்ளுகிறார். லீயிடம் கிடைக்கும் கட்டுக்கோப்பு இவரிடம் இல்லை. லீயிடம் கிடைக்காத ஒன்று, அடுத்த நொடி என்ன வரும் என்று நடிகனுக்கே தெரியாத அந்தத் தடுமாற்றம், இவரிடம் உண்டு. நான் முதலில் லீயின் பக்கம்தான் சாய்பவன். இருந்தாலும் அந்தத் தடுமாற்றம் உண்மையாகவே பலன் தரும் இரண்டு இடங்களை ஒதுக்கிவிட்டுப் பேசினால் அது நேர்மையான திறனாய்வாகாது.

ஒன்று, ஒலிவியா கோல்மன் வரும் காட்சி. கர்ப்பிணியான முன்னாள் காதலியின் வீட்டுக்கு லு டொங்க் போகிறான். கமெராக்காரர்கள் பின்னால். பெருமை பேசத்தான் வந்திருக்கிறான். ஆனால் அந்த வீட்டில் இன்னொரு ஆண் சாதாரணமாக நடமாடிக்கொண்டிருக்கிறான். லு டொங்கின் வாய் ஓயவே ஓயாது. ஒரு பகிடி, அதன் வாலில் ஒரு குத்தல், குத்தலை மறைக்க இன்னொரு பகிடி. கோல்மன் அதிகம் பேசுவதில்லை. காத்திருக்கிறார். அவனை நன்றாக அறிந்த ஒருத்தி, இவன் எப்போது ஓய்வான், எந்த இடத்தில் கோபமாகத் திரும்புவான் என்று எடைபோட்டுக்கொண்டு நிற்கும் நிலை அது. சிரிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்து, சிரித்தால் இவன் இன்னும் ஏறுவான் என்று அடக்கிக்கொள்ளும் முகம். வசனம் எழுதியிருந்தால் இந்தக் காட்சியில் அவருக்கும் நாலு வரி கொடுத்திருப்பார்கள், அவர் பதிலுக்குப் பதில் பேசியிருப்பார், காட்சி கெட்டிருக்கும். எழுதாததால், பேசத் தெரிந்தவன் பேசுகிறான், பொறுத்துப் பழகியவள் பொறுக்கிறாள். சிரித்துக்கொண்டிருந்த நமக்குத் தொண்டையில் ஏதோ அடைக்கிறது. இவன் வெறும் அசடன் இல்லை, கூட இருப்பவர்களுக்குக் கொஞ்சம் ஆபத்தானவனும்தான் என்று அப்போதுதான் உறைக்கிறது.

இரண்டாவது, மேடை. ஸ்கோர்-ஸே-ஸீக்கு வாய்ப்புக் கிடைத்துவிடுகிறது. கிடைத்தவுடன் லு டொங்குக்கு அது தன் வாய்ப்பாகத் தெரியத் தொடங்குகிறது. ஆளை ஏற்றிவிட்டவன் தானும் மேடைக்குள் நுழைந்துகொள்ளப் பார்க்கிறான். இதற்கு முன் எத்தனை காட்சிகளில் ஸ்கோர்-ஸே-ஸீயை மட்டந்தட்டிக்கொண்டே வந்தானோ அத்தனையும் இங்கே வட்டியோடு திரும்புகிறது. அந்தப் பொடியனுக்கு உண்மையாகவே திறமை இருக்கிறது. வாயைத் திறந்தால் தாளம் பிசகாமல் வந்து விழுகிறது. லு டொங்கிடம் அது இல்லை. இதை யாரும் படத்தில் சொல்வதில்லை. பக்கத்தில் நிற்கும் லு டொங்கின் முகத்தில் பெருமையும் வயிற்றெரிச்சலும் மாறி மாறி ஓடுவதைப் பார்த்தால் போதும். பாட்டும் லேசுப்பட்டதல்ல: 1960 முதல் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் ஓடிவரும் 'கோரனேஷன் ஸ்ட்ரீட்' தொடரின் டீட்ரா பார்லோவை அமைதியாக இருக்கச் சொல்லும் ராப். நம் ஊரில் ஒருவன் 'மெட்டி ஒலி' தொடரின் சரோவைச் சமாதானப்படுத்தி ராப் கட்டி, பல்லாயிரம் பேர் முன்னால் பாடினால் எப்படியிருக்கும், அப்படி. கூட்டமும் கூடச் சேர்ந்து பாடுகிறது. இதைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

வாங்கவும் இல்லை. அதுதான் அந்த 48,000 பவுணைப் பற்றிச் சொல்ல வேண்டிய மற்றக் கணக்கு. ஆர்க்டிக் மங்கீஸ் குழுவின் அந்தக் கச்சேரி 2007 ஜூலையில் நடந்தது. மேடை, விளக்கு, ஒலி, காவல், சனம் எல்லாம் வேறொருவர் செலவில் ஏற்கெனவே அங்கே இருந்தன. அந்தக் குழுவின் பாட்டொன்றுக்கான வீடியோவில் கொன்சிடைன் 2006 இலேயே நடித்திருந்தார். படத்தைத் தயாரித்த வோர்ப் ஃபில்ம்ஸும் மார்க் ஹேர்பர்ட்டும் அந்த இசை வட்டாரத்துக்கு அன்னியர் அல்லர். இந்த உறவுகளின் விலையைச் செலவுக் கணக்கில் எழுதவில்லை. எழுதியிருந்தால் 48,000 என்பது எங்கேயோ போய் நின்றிருக்கும். அந்த 48,000 பவுண்கூட, படம் வெளிவந்த நாளைய இலங்கைக் காசில் எண்பது, தொண்ணூறு லட்சம். மட்டக்களப்பில் அந்தக் காசைக் குறைந்த செலவு என்று சொன்னால் சிரிப்பார்கள்; படத்தில் வரும் பகிடியை விட அதற்குத்தான் கூடுதலாகச் சிரிப்பார்கள்.

இதைச் சொல்வது படத்தைச் சிறுமைப்படுத்த அல்ல. கையில் இருப்பதை வைத்து எடுப்பது நல்ல புத்தி. சிநேகிதர்களின் மேடையைப் பயன்படுத்துவதில் பிழையே இல்லை. ஆனால் 'ஐந்து நாளில் யாரும் எடுக்கலாம்' என்ற வாய்ப்பாடாக அது சுற்றி வரும்போது, அந்த வாய்ப்பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் மூலதனத்தையும் எடுத்து வெளியே வைக்க வேண்டும். மேடைக் காட்சியைக் கழித்துவிட்டு மீதிப் படத்தை நினைத்துப் பாருங்கள். நல்ல நடிகர் ஒருவர் ஒரு வண்டிக்குள் இருந்து அளக்கிறார். அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

குறைகளில் பெரியது போலி ஆவணப்படச் சட்டகம் பாதியில் நெகிழ்ந்துபோவது. மெடோஸ் திரையில் தோன்றுகிறார், லு டொங்கோடு பேசுகிறார், முரண்படுகிறார். ஆனால் அவர் யார்? ஏன் இந்த ஆளைப் படம் பிடிக்கிறார்? ஒரு மேடைத் தொழிலாளியின் வாழ்க்கையில் அவருக்கு என்ன வேலை? தொடக்கத்தில் இதற்கு ஒரு பாவனையாவது இருக்கிறது. போகப்போக அதுவும் கைவிடப்படுகிறது. கமெரா இருக்கக் கூடாத இடங்களிலும் இருக்கிறது, இருக்க வேண்டிய இடத்தில் முகத்தைத் தவறவிடுகிறது. 'ஸ்பைனல் டாப்' இந்த விடயத்தில் கறார்: ஆவணப்படக்காரனும் ஒரு பாத்திரம், அவனுக்கும் ஒரு அசட்டுத்தனம் உண்டு. மெடோஸ் தன்னைப் பாத்திரமாக்கிக்கொள்ளத் தயங்குகிறார். கொன்சிடைனுக்கு எதிரே நின்று அசடாக அவருக்கு மனம் வரவில்லை போலும்.

ஸ்கோர்-ஸே-ஸீயைப் படம் நடத்தும் விதமும் கொஞ்சம் உறுத்துகிறது. பருத்த உடம்பும் மெல்லிய பேச்சும் உள்ள அந்தப் பொடியனை லு டொங்க் விடாமல் நக்கலடிக்கிறான், நாமும் சிரிக்கிறோம். கடைசி மேடை அவனுக்கு நியாயம் செய்துவிடுகிறது என்று வாதாடலாம். பெருமளவு சரிதான். ஆனால் லு டொங்க் எப்படிப்பட்டவன் என்று நமக்குத் தெரிகிறது, ஸ்கோர்-ஸே-ஸீ எப்படிப்பட்டவன் என்று தெரிவதில்லை. அவனுடைய வீடு எது, ஏன் இவனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறான், இவ்வளவு நொட்டை சொன்னாலும் ஏன் போகாமல் இருக்கிறான்? படத்தின் பெயரில் பாதி அவனுடையது. படத்தில் பாதி அவனுக்குக் கிடைக்கவில்லை.

இனி வீட்டுக்குள் வந்த கதை. படம் 2009 ஜூனில் எடின்பரோ திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்டது. ஒக்டோபரில் திரையரங்குகளைத் தொட்டுவிட்டு, வந்த சுவடு காய முன் டிவிடியாகிவிட்டது. திரையரங்கில் ஓடாததால் டிவிடிக்குத் தள்ளப்பட்ட படம் என்று இதைப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. இதன் பகிடிகள் உரத்தவை அல்ல. வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிற வகை. நானூறு பேர் சிரிக்கும் அரங்கில் அடுத்த மூன்று வரி சிரிப்புச் சத்தத்தில் மூழ்கிவிடும். நாலைந்து பேர் கூடியிருந்து, 'பொறு பொறு, கொஞ்சம் பின்னுக்குப் போடு' என்று சொல்லிப் பார்க்கும் அறைதான் இதற்குத் தோது. 'ஸ்பைனல் டாப்'பும் திரையரங்கில் சுமாராகப் போய், வீடியோ கசெற்றில்தான் தன் சனத்தைத் தேடிக்கொண்டது. ஒரு பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதைச் சிநேகிதர்களுக்குள் சங்கேதம்போலப் பேசித் திரிவதுதான் இந்த வகைப் படங்களின் உண்மையான ஓட்டம்.

இந்த ஓட்டம் தமிழருக்குப் புதிதில்லை. கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' தனிநடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஆள். யாழ்ப்பாணத்து பஸ் ஒன்று. கொண்டக்டரும் சனமும் எல்லாம் அவர் ஒருவரே. செலவு என்று பார்த்தால் ஒலிவாங்கி ஒன்றுதான். மேடை மேடையாக அதைச் செய்து செய்து மெருகேற்றினார். பிறகு அது ஒலிநாடாவாக வீடுகளுக்குள் போனது. பாலச்சந்திரன் 2014 இல் கனடாவில் காலமானார். இன்றும் பஸ்ஸில் ஏறினால் அந்தப் பேச்சை எடுத்துவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். மெடோஸின் படத்தோடு ஒப்பிட்டால் 'அண்ணை றைற்' ஒரு படி மேல் என்றே சொல்வேன். மேடையில் சபை கழித்ததெல்லாம் கழிந்த பிறகுதான் அது நாடாவில் ஏறியது. லு டொங்க் கழிக்காமலே ஏறிவிட்டான்.

1976 இல் வந்த 'கோமாளிகள்' இன்னும் நெருங்கிய உறவு. இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' ஆக ஓடிய தொடரை எஸ். ராமதாஸ் படத்துக்காக எழுதினார்; எஸ். ராமநாதன் இயக்கினார். மரைக்காராக ராமதாஸ், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், உபாலியாகச் செல்வசேகரன், கூடவே பி. எச். அப்துல் ஹமீத். பாத்திரத்தின் பெயர் நடிகர் பெயரோடு ஒட்டிக்கொண்டு இன்றுவரை கழலவில்லை. படத்தில் எழுதிய வசனம் இருந்தது. அந்த வகையில் மெடோஸின் வழி வேறு. ஆனால் அடிப்படை ஒன்று: படம் தொடங்கும் முன்பே குரல்கள் ஊருக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் குறைந்த செலவுப் படம் காலூன்றி நின்றது. இலங்கைத் தமிழ்ப் படங்களில் ஓரளவு நன்றாக ஓடியவற்றில் அதுவும் ஒன்று. 1978 இல் 'ஏமாளிகள்' என்று இன்னொன்றும் வந்தது.

ஆனால் இப்படியான ஒரு பகிடிப் படத்தை நாற்பது வருடம் கழித்து ஒருவர் எடைபோட வேண்டுமானால் அது எங்காவது கையில் கிடைக்க வேண்டும். 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது சிங்களப் படங்களும் தமிழ்ப் படங்களுமாக நெகட்டிவ்கள் எரிந்துபோயின. மெடோஸின் படம் சுமார் ரகம் என்று இன்று நான் துணிந்து சொல்ல முடிவது, அது தட்டாகி உலகம் முழுதும் பரவிக் கிடப்பதால். பரவாமல் அழிந்த படத்தைப் பற்றிக் கெட்டதும் சொல்ல முடியாது, நல்லதும் சொல்ல முடியாது. குறைந்த செலவுப் படத்துக்கு டிவிடி இரண்டாந்தர வெளியீடு என்று முகம் சுளிப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

வீட்டில் பார்ப்பது என்றால் தனியே பார்ப்பது என்று அர்த்தமும் இல்லை, குறைந்தது எங்கள் பக்கத்தில். வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றருக்கு எண்ணெய்க்குக் காசு சேர்த்து, ஒரு முற்றத்தில் ஒரே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் ஊர்ப்பாதி கூடியிருந்து இரவிரவாக மூன்று படம் பார்த்த காலம் வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரைக்கும் உண்டு. அப்போது மின்சாரமே எட்டாதிருந்த, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்கு இன்னும் கூடுதலாக உண்டு. அது வீடும் இல்லை, தியேட்டரும் இல்லை. பகிடி விழுந்தால் கிழவிகள் வாய்விட்டுச் சொல்லும் மறுமொழிதான் படத்தை விடச் சிரிப்பாக இருக்கும். லு டொங்கை அந்த முற்றத்தில் போட்டால் எடுபடுமா? மொழி தெரிந்தாலும் சந்தேகம்தான். அவனுடைய சிரிப்பு முகத்தின் சின்னச் சின்ன அசைவில் இருக்கிறது. ஐம்பது பேருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவனுக்கு அது போய்ச் சேராது. அந்தக் கசெற்றுகளும் இப்போது இல்லை. வாவிக்காற்றில் நாடாவின் ஓரம் வெள்ளையாகப் பூத்து, டெக்கின் ஹெட்டில் அழுக்கை அப்பிவிட்டுப் போய்விட்டன. பின்னால் வந்த தட்டுகளும் அதே காற்றைத்தான் குடித்தன.

மொழிச் சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். லு டொங்க் பேசுவது இங்கிலாந்தின் நடுப்பகுதிப் பேச்சு; லண்டன் வானொலி ஆங்கிலம் கேட்டுப் பழகியவனுக்கும் பாதி பிடிபடாது. எழுத்துவரி போட்டுப் பார்த்தாலும் இன்னொரு இடைஞ்சல். எழுதாத பேச்சில் இருவர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், சொல்லைத் தொடங்கி விட்டுவிடுவார்கள், மென்று விழுங்குவார்கள். எழுத்துவரி அதையெல்லாம் ஒழுங்கான வாக்கியமாக்கிக் கீழே போடுகிறது. கொன்சிடைன் இன்னும் என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே நாம் கீழே வாசித்து முடித்துவிடுகிறோம். தடுமாற்றத்தில்தான் படத்தின் சுவை என்றால், எழுத்துவரி அந்தச் சுவையில் பாதியைத் தின்றுவிடுகிறது. முதல் தடவை எழுத்துவரியோடு பார்த்து விடயத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகா ஒருமுறை அதை நிறுத்திவிட்டு முகங்களை மட்டும் பார்ப்பது ஒரு வழி. தட்டில் அது முடியும். தியேட்டரில் முடியாது.

ஆகவே தீர்ப்பு. நடிப்பாகப் பார்த்தால் முதல் தரம். கொன்சிடைன் இதில் கட்டியெழுப்பும் மனிதன், வெற்றிபெறாத கலைஞனின் வீறாப்பையும் அவன் வீட்டாருக்கு அவன் எவ்வளவு பெரிய சுமை என்பதையும் ஒரே மூச்சில் காட்டுகிறான். படமாகப் பார்த்தால் அரைவாசிதான் தேறும்: சட்டகம் நெகிழ்ந்தது, இரண்டாம் பாத்திரம் வெறுமை, நடுப்பகுதி தொய்வு, தூக்கி நிறுத்துவது இரவல் மேடை. மெடோஸின் வரிசையில் 'டெட் மேன்ஸ் ஷூஸ்', 'திஸ் இஸ் இங்லண்ட்' இரண்டுக்கும் வெகு கீழே. லு டொங்குக்கு முந்திய வருடம் யூரோஸ்டார் ரயில் நிறுவனத்தின் பணத்தில் எடுத்த 'சோமர்ஸ் டவுன்' கூட இதைவிடக் கட்டான படம். டிவிடி வெளியீடு சரியான முடிவு. படத்தின் அளவுக்கும் குரலுக்கும் அந்த வீடு பொருந்துகிறது. எழுதாமல் எடுக்கலாமா என்று கேட்கும் பொடியன்மாருக்கு மறுமொழி: எடுக்கலாம், ஆனால் முதலில் உங்களில் ஒருவன் ஒரு ஆளைப் பிடித்து ஐந்தாறு வருடம் கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் பஸ் தரிப்பிலும் அந்த ஆளாகவே பேசிப் பழகட்டும். கமெரா வாடகைக்கு எப்போதும் கிடைக்கும்.

படத்தின் உண்மையான விளைச்சல் படத்துக்கு வெளியே கிடக்கிறது என்பது என் எண்ணம். அந்த வீட்டுக் காட்சியில் கோல்மன் காட்டிய பொறுமை, அடங்கிய பயம், அவனை இன்னும் முழுதாக வெறுக்க முடியாத அந்தக் கண்கள், இவை ஒரு பகிடிப் படத்துக்கு அளவுக்கு மிஞ்சியவை. 2011 இல் கொன்சிடைன் தானே எழுதி இயக்கிய 'டிரனோசோர்' படத்தில், வீட்டுக்குள் அடி வாங்கும் ஒரு மனைவியாக அதே கோல்மன் வந்தார். அதில் பகிடிக்கு இடமே இல்லை. 2019 இல் 'தி ஃபேவரிட்' படத்துக்காக அவருக்கு ஒஸ்கார் கிடைத்தபோது பலர் அவரைப் பகிடி நடிகையாக இருந்து மாறியவர் என்று எழுதினார்கள். லு டொங்கின் தட்டை எடுத்துப் போட்டு அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.